பெரியவரோட தக்கையை என்ன செய்யலாம்?

இருபது வருஷமா ஏரிக்கரையில என்கூடத் தூண்டில் போட்ட ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க. அவங்கள்ல பெரியவரோட தக்கை, தூண்டில்ல மிதக்கவிடுவோமே அது, என்கிட்டதான் இருக்கு. மயிலிறகுத் தண்டுல அவரே சீவினது, நுனியில சிவப்புப் பெயிண்ட் பாதி உரிஞ்சிருக்கு. தண்ணியில போடவா, பத்திரமா வைக்கவா?

பதில் 1:
போடுங்க அண்ணா. பழைய தூண்டில் நரம்புல மட்டும் கட்டாதீங்க. வெயில்ல கிடந்த நைலான் இத்துப்போயிருக்கும், பெரிய மீன் இழுத்தா தக்கையும் சேர்ந்து போயிடும்.

பதில் 2:
எனக்கு முடிச்சுப் போடக் கத்துக்கொடுத்ததே அவர்தான். இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு நனைக்கச் சொல்வார், உரசுற சூட்டுல நரம்பு பலம் போயிடுமாம். குஞ்சுகளோட திரியற விரால் பக்கம் தூண்டிலே போட விடமாட்டார். காவல் போனா குஞ்சுகளும் போச்சும்பார்.

கேட்டவர்:
சரி தம்பி, ஞாயிறு விடியக்காலையில வரேன். அவர் உட்கார்ற கல்லுல நீ உட்காரு.