பள்ளி உணவுக் கட்டுரை: கானா, கென்யாவுக்குச் சார்பற்ற சான்று தேவை

தமிழ் விக்கிப்பீடியாவின் பள்ளி உணவுத் திட்டக் கட்டுரைக்கான வரைவு மணல்தொட்டியில் (வெளியிடுமுன் எழுதிப் பார்க்கும் பக்கம்) இருக்கிறது. முக்கால்வாசி தமிழ்நாடுதான்: 1956 காமராசர், 1982 எம்.ஜி.ஆர்.

செய்து பார்த்தவை: "உலகிலேயே முதன்முதலில்" என்ற வரியை நீக்கியாயிற்று, பிரிட்டன் 1906-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. தமிழ்நாட்டு விவரங்களைத் தனிக் கட்டுரைக்கு நகர்த்தி, இங்கே சுருக்கம் மட்டும் விட்டேன். நாடுவாரித் தலைப்புகளைக் கலைத்து சட்டம், நிதி, கொள்முதல் என மாற்றினேன் (நாடுவாரியாகப் போனால் பட்டியல்தான் நீளும், ஒப்பீடு வராது). ஜப்பானின் 1954 சட்டம், நிதியில் 30 விழுக்காட்டைக் குடும்பப் பண்ணைகளில் செலவிடச் சொன்ன பிரேசிலின் 2009 சட்டம் இரண்டும் சிக்கலின்றி அமைந்தன.

நிற்பது ஆப்பிரிக்காவில். கானா (2005), கென்யா (2009) உள்ளூர்க் கொள்முதல் திட்டங்களுக்குக் கைக்கு எட்டியவை அரசு, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், கொடையாளர் அறிக்கைகள்தாம். நடத்துபவரே போட்டுக்கொண்ட மதிப்பெண். நாளிதழ்ச் செய்திகளும் அதே செய்திக்குறிப்பின் நகல். "இன்னாரின் அறிக்கைப்படி" என்று சேர்த்தாலும் ஒரே தரப்புதான் பேசுகிறது. ஆய்விதழ்க் கட்டுரைகள் கட்டணச் சுவருக்குப் பின்னே; சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோளிட முடியாது.

இவ்விரு திட்டங்களையும் வெளியாள் மதிப்பிட்ட, முழுதாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்வோ நூலோ எது?