தவழ்வெளியா, தரையடியா, தளத்தடியா?

நிலத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய வீடுகளில், மரத்தளத்துக்கும் அதன் கீழுள்ள மண்ணுக்கும் இடையே, ஒருவர் தவழ்ந்துதான் செல்ல முடியும் என்ற உயரத்தில் விடப்படும் இடத்துக்கு (ஆங்கிலத்தில் crawl space), வீட்டு ஈரம் பற்றிய நம் கட்டுரைகளுக்காக நண்பர் 'தவழ்வெளி' என்ற சொல்லை முன்வைத்திருக்கிறார். சொல் அழகானதுதான். ஆனால், பழுதுபார்க்க வருபவர் அங்கே எப்படி நகர்வார் என்பதைச் சொல்லும் அது, அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. 'வெளி' என்ற ஈறு இன்னும் பெரிய இடர்ப்பாடு. அங்கே ஈரம் சேர்வதைப் பற்றி எழுதும்போது வெளிக்காற்று உட்புகுவதையே மீண்டும் மீண்டும் சொல்ல நேரும். 'தவழ்வெளிக்குள் வரும் வெளிக்காற்று' என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் படிப்பவர் தடுமாறுவார்.

'தரையடி' என்பதிலும் சிக்கல் உண்டு. தரை என்பது நாம் நடக்கும் தளத்தையும் குறிக்கும், மண்ணையும் குறிக்கும்; நாம் பேசும் இடமோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 'தரையில் பாலித்தீன் தாளை விரிக்கவும்' என்றால் அது வீட்டுக்குள்ளா, கீழே மண்ணின் மேலா என்பது விளங்காது.

ஆகவே 'தளத்தடி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். மரத்தடி என்பதைப் போலவே இயல்பாக அமைந்த சொல் இது. கிணற்றடி என்பதில் 'அடி' அருகைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். தளத்துக்கு அருகு என்று ஓர் இடம் இல்லாததால் இங்கே அம்மயக்கம் எழாது. தளத்தடிக் காற்று, தளத்தடிச் சுவர், தளத்தடி மண் என்று தடையின்றி விரிவதும் இதன் சிறப்பு.

ஒரு சொல் பயன்படுமா என்பதைத் தொடரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 30 பாகை செல்சியசும் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்ட கோடைக்காற்று, காற்றுத் துளைகள் வழியே தளத்தடிக்குள் புகுந்து ஏறத்தாழ 24 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராவி தெவிட்டிவிடும், அதாவது காற்றால் அதற்கு மேல் நீராவியைத் தாங்க முடியாது. அதைவிடக் குளிர்ந்த உத்தரங்களிலும் குழாய்களிலும் நீர் துளிர்க்கும். மரத்தின் ஈர அளவு 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சையும் உளுப்பும் தொடங்கக்கூடும். உலர்த்துவதற்காக வைத்த துளைகளே ஈரத்தைக் கொண்டுவருவதால்தான், துளைகளை அடைத்து, மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி, வெப்பக்காப்பைத் தளத்தின் அடிப்பக்கத்துக்கு மாறாகத் தளத்தடிச் சுவரில் பொருத்தும் முறை பரவியது. துளைகள் உள்ளதைக் 'காற்றோட்டத் தளத்தடி' என்றும் அவற்றை அடைத்ததை 'மூடிய தளத்தடி' என்றும் வேறுபடுத்தலாம்.

மண்மேல் விரிக்கும் பாலித்தீன் தாளையும் நண்பர் 'காப்பு' என்று எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள அத்தாள் நீராவியைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. கண்ணாடி இழைப் பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், நீராவியைக் கடத்திவிடும். முதலாவதை 'ஆவித்தடை' என்றும் இரண்டாவதை 'வெப்பக்காப்பு' என்றும் பிரிக்காவிட்டால், ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று வீட்டுக்காரர் எண்ணிவிடக்கூடும். 'ஈரத்தடுப்பு' என்பதை, சுவரில் நீர் மேலேறாமல் இடையில் வைக்கும் படைக்கே ஒதுக்கிவிடலாம்.

'அடித்தளம்', 'தளத்தடி' இரண்டும் முன்பின் மாறிய சொற்கள் என்பதால் குழப்பும் என்ற மறுப்பு வரக்கூடும், அது நியாயமானது. அதற்காகத் தளத்தடியைக் கைவிடாமல், இக்கட்டுரைகளில் அடித்தளம் என்று வரும் இடங்களிலெல்லாம் கட்டுமானத் தொழிலாளர் வழங்கும் 'கடைக்கால்' என்ற சொல்லையே எழுதலாம் என்பது என் கருத்து.