மறு: இணைத்தரவா, தொடுப்புத் தரவா?

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு இடங்களில் இருக்கும் பதிவுகளை இணையத்தில் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் ‘linked data’ முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘இணைத்தரவு’ போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

போதாது ஐயா. இங்கே தருமபுரியில் ஓர் ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். ‘இணையத் தரவு’ என்றே காதில் வாங்கினார்.

> அப்படியென்றால் ‘தொடுப்புத் தரவு’?

பூத்தொடுக்கும் நினைவு வருவதால் எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் “அவருக்கு ஒரு தொடுப்பு இருக்கு” என்றால் என்ன அர்த்தம்? பள்ளிப் பிள்ளைகள் முன்னால் இதை எப்படி விளக்குவது!

சரி, கையில் இருக்கும் நடுகல் பதிவு வேலையை வைத்தே பார்ப்போம். எங்கள் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுவோருக்கு அது வீரகல்லு. கல்வெட்டுத் தொகுதியில் அதே கல்லுக்கு ஓர் எண், அருங்காட்சியகப் பதிவேட்டில் இன்னோர் எண். ஊர்ப்பெயரோ தகடூர், தருமபுரி, தர்மபுரி என்று ஆளுக்கொரு விதம். கணினிக்கு இவையெல்லாம் வேறு வேறு.

இதற்கு வழியாக, உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிய நான்கு விதிகளின் சாரம் இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இணைய முகவரி கொடு, அங்கே போனால் பயனுள்ள செய்தி கிடைக்கட்டும், அதிலிருந்து மற்ற முகவரிகளுக்கு வழி காட்டு. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் ஒவ்வோர் உருப்படிக்கும் Q என்று தொடங்கும் எண் இருப்பது இதற்காகத்தான். பதிவுகள் அவரவரிடமே இருக்கும். யாரும் யாருக்கும் கோப்பு (file) அனுப்ப வேண்டியதில்லை.

இந்த முறையில் ஒவ்வொரு செய்தியும் மூன்று துண்டு: இந்தக் கல், நிற்கும் இடம், இன்ன ஊர். நடுத்துண்டில்தான் விஷயமே இருக்கிறது. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால் களவுபோன மாட்டை மீட்கப் போய் இறந்தவன். ‘தொறுக் கொண்டு பட்டான்’ என்றால் மாடு கவரப் போனவன். இரண்டிலும் வீரனுக்கும் மந்தைக்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் பதிந்தால் கதையே கெட்டது. என்ன தொடர்பு என்று பெயர் சொல்லியாக வேண்டும்.

இதற்குத் தோதான சொல் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று பிணைப்பின் வகைக்கே அங்கே பெயர் வைத்திருக்கிறோம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அதனால் என் பரிந்துரை ‘பிணைப்புத் தரவு’. எல்லாருக்கும் திறந்து வைத்தால் ‘திறந்த பிணைப்புத் தரவு’. நடுத்துண்டுக்கு ‘பிணைப்புவகை’ என்றே வைக்கலாம்.

பிணை என்றதும் ஜாமீன்தான் நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதப்போகிறீர்கள். அதற்காகத்தான் ‘பிணைத்தரவு’ என்று சுருக்கவில்லை.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து