பாதுகாப்புக் குழு: உங்கள் இடத்தில் அதனால் ஏதாவது மாறியதா?

பராமரிப்பு சூப்பர்வைசர் (தொடங்கியவர்):

எங்கள் ஆலையில் பாதுகாப்புக் குழு அமைக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பேக்கிங் லைன், கன்வேயர்கள், ஒரு பாய்லர், பக்கத்தில் கிடங்கு, மூன்று ஷிப்ட். சட்டம் என்ன கேட்கிறது என்று படித்துவிட்டேன். நிர்வாகம், தொழிலாளர் என இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, குறித்த இடைவெளியில் கூட்டம், மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு), இதெல்லாம் புரிகிறது. ஆனால் இதற்கு முன் நான் வேலை பார்த்த இடங்களில் குழு என்றால் போட்டோ எடுப்பார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள், முடிந்தது. ஆய்வாளர் வரும்போது காட்ட ஒரு ஃபைல் இருக்கும்.

அதனால் விதிமுறை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். உங்கள் குழுவால் எது மாறியது? மாறவில்லை என்றால் எங்கே போய் நின்றது?

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்:

நான் குழுவில் தொழிலாளர் தரப்பில் இருக்கிறேன். எங்கள் குழு முதலில் அமைந்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் யார் யார் என்று மேனேஜரே பட்டியல் போட்டார். வாயைத் திறக்காதவர்களாகப் பொறுக்கி எடுத்தது போல இருந்தது. சேஃப்டி ஆபீசர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எங்கள் ஆட்களை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்டு வாங்கிய பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது.

முதலில் எடுத்தது ரேக்குகளுக்கு நடுவே உள்ள ஒரு முக்கு. லோடு தூக்கி வரும் வண்டிக்கு எதிரே வரும் ஆள் தெரியாது, ஆளுக்கு வண்டி தெரியாது. எத்தனையோ தடவை கடைசி நொடியில் பிரேக் அடித்திருக்கிறோம். யாருக்கும் அடிபடாததால் யாரும் எழுதி வைக்கவில்லை. குழுவில் சொன்னதும் என்ன முடிவு வந்தது தெரியுமா? ‘மெதுவாகச் செல்லவும்’ என்று ஒரு போர்டு. அடுத்த கூட்டத்தில், எல்லோருக்கும் ஒளிரும் ஜாக்கெட். அதற்கடுத்து, ஓட்டுநர்களுக்கு மறுபடியும் பயிற்சி. அதாவது இடம் அப்படியேதான் இருக்கும், நாங்கள்தான் திருந்த வேண்டும்.

குழுவில் ஒரு இன்ஜினியர் இருந்தார், நிர்வாகத் தரப்புதான். அவர் எழுந்து பலகையில் வரிசையாக எழுதினார். ஆபத்தையே அங்கிருந்து எடுத்துவிட முடியுமா? முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வைக்கலாமா? அதுவும் இல்லையென்றால் தடுப்பு போட்டுப் பிரிக்கலாமா? விதி, போர்டு, பயிற்சி எல்லாம் நாலாவது. ஜாக்கெட், ஹெல்மெட் கடைசி. “நாம் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம்” என்றார். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் அந்த முக்குக்குப் போனோம். அங்கே நின்று பார்த்தபோதுதான், இவ்வளவு பேர் அந்த வழியாக ஏன் நடக்கிறார்கள் என்று பிடிபட்டது. வருகைப் பதிவு இயந்திரம் அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. அதைக் கழற்றி வாசல் பக்கம் மாட்டினார்கள். நடமாட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது. அதற்கு மேலும் அந்தப் பக்கம் வேலை உள்ளவர்களுக்குக் கம்பித் தடுப்பு போட்டுத் தனி வழி கொடுத்தார்கள். போர்டு இன்னும் தொங்குகிறது, அது பாட்டுக்குத் தொங்கட்டும்.

இப்போது நாங்கள் முதலில் ஒரு பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு உட்காருகிறோம். அறைக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தால் போர்டுதான் வரும்.

மருத்துவமனைச் செவிலியர்:

மருத்துவமனையில் என்ன பாதுகாப்புக் குழு என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வார்டுகளில் ஊசி குத்திக்கொள்ளும் சம்பவங்கள் வந்துகொண்டே இருந்தன. குழு ஒவ்வொன்றையும் விசாரிக்கும். காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதும். முடிந்தது. அந்தக் குழுவில் இருந்த எல்லோருமே பகல் ஷிப்ட். குத்துப்பட்டவர்களில் பெரும்பாலோர் நைட் ஷிப்ட். இதை யாரும் கவனிக்கவே இல்லை.

ஒருமுறை நைட் பார்க்கும் ஒருவர் உறுப்பினராக வந்தார். அவர் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி, புதுப் பெட்டி வைக்க வேண்டும். பகலில் புதுப் பெட்டி கேட்டால் வந்துவிடும். இரவில் ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் காலையில்தான் வருவார். நிறைந்து வழியும் பெட்டிக்குள் ஊசியைத் திணிக்கும்போதுதான் கை கிழிகிறது. ஒவ்வொரு வார்டிலும் காலிப் பெட்டிகளை முன்கூட்டியே வைத்தார்கள், அவ்வளவுதான் செலவு. இத்தனை நாள் எழுதிய ‘கவனக்குறைவு’ எல்லாம் பூட்டிய ஒரு கதவுதான் என்று நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. ஊசி குத்தினால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பயத்தில் மறைப்பவருக்கு அந்த நேரம் ஓடிவிடும். அதனால், தெரிவித்தவர் மேல் நடவடிக்கை இல்லை என்று குழு எழுத்தில் வாங்கியது. அதற்கப்புறம்தான் துப்புரவுப் பணியாளர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். குப்பைப் பையைத் தூக்கும்போது அவர்களுக்கும் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வருபவர்கள் என்பதால் எந்தக் கணக்கிலும் இல்லை.

உற்பத்தி மேலாளர்:

நான் எதிர்த் தரப்பு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் ஆரம்பத்தில் பாதுகாப்பைத் தவிர எல்லாம் பேசினார்கள். லீவ், பதவி உயர்வு, கழிவறை, ஒரு சூப்பர்வைசரின் பேச்சு சரியில்லை என்பது. நியாயமான குறைகள்தான், ஆனால் அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது. தடுத்தால் கோபம் வருகிறது, விட்டால் நேரம் போகிறது. கடைசியில், அப்படி வருவதைத் தனித் தாளில் எழுதி அன்றைக்கே மனிதவளப் பிரிவுக்கு அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். போய்ச் சேர்ந்தது என்று தெரிந்ததும் ஆட்கள் அடங்கினார்கள். கழிவறையை மட்டும் நாங்களே வைத்துக்கொண்டோம், தரை வழுக்கியது.

உண்மையான சிக்கல் எங்கள் பக்கம்தான். நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பல்பு மாற்றச் சொல்லக்கூட அதிகாரம் இல்லை. எதைக் கேட்டாலும் ‘மேலே கேட்டுச் சொல்கிறேன்’. மேலே யாரும் கேட்பதில்லை. அடுத்த கூட்டத்தில் அதே வரி. இப்போது குறிப்பிட்ட தொகை வரை அந்த மேசையிலேயே ஒப்புதல் தர எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் எழுத்தில் பதில் வர வேண்டும்.

இந்த எழுத்துப் பதில் விஷயத்தை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து எடுத்தோம். அங்கே குழு எழுத்தில் ஒரு பரிந்துரை கொடுத்தால் 21 நாட்களுக்குள் நிர்வாகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். ஒப்புக்கொண்டால் எப்போது செய்வோம் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். எங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் நாள் கணக்கைக் கடன் வாங்கினோம். கூடவே, மினிட்ஸில் ‘கவனிக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ என்ற வார்த்தைகளுக்குத் தடை. செய்யப்போகும் ஆளின் பெயரும் தேதியும் இல்லாத வரி மினிட்ஸில் ஏறாது.

ஒன்று சொல்லியாக வேண்டும். முடியாது என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் பூகம்பம் வரும் என்று பயந்தேன். பழைய பிரஸ் இயந்திரம் ஒன்றுக்கு ஒளித்திரைத் தடுப்பு கேட்டார்கள், அதாவது கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளிக்கற்றை. அந்த மாடலில் கிளட்ச் பிடித்துவிட்டால் சுற்று முடியும்வரை நடுவில் நிற்காது, அதனால் ஒளித்திரை பயன்படாது என்று எழுதினேன். அடுத்த கூட்டத்துக்கு அவர்களே, கையே உள்ளே போக முடியாதபடி நிரந்தரக் கம்பிக் கூண்டு வரைந்து எடுத்து வந்தார்கள். அதுதான் இன்று அதில் இருக்கிறது.

ரசாயனப் பிரிவு ஆபரேட்டர்:

சார், உங்கள் ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் குழுவுக்கு ஆலைத் தலைவரே தலைவர். அவர் போட்ட உற்பத்தி இலக்கால்தான் பாதி அவசரம். அதை அவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது?

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்:

எங்களுக்கு இரண்டு தலைவர்கள், தரப்புக்கு ஒருவர். ஒரு கூட்டம் அவர் நடத்துவார், அடுத்தது எங்கள் ஆள். அஜெண்டாவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இது இல்லாவிட்டால் எங்களுக்கும் உங்கள் கதைதான்.

சேஃப்டி ஆபீசர்:

வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எண் மாற்றும் பலகை பார்த்திருப்பீர்கள். நான் இருந்த ஓரிடத்தில் அந்த எண் கூடக்கூட, பிரிவு முழுவதற்கும் பரிசு. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஒருநாள் ஒருவர் விரலில் ஆழமாக வெட்டுப்பட்டு, கழிவறைக்குப் போய்த் தானே துணி சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டுப் போனார். கேட்டால், “என்னால மத்தவங்க பரிசு போயிடும் சார்” என்கிறார். அவரை என்ன சொல்வது?

குழுவில் இதை வைத்தோம். பரிசை நிறுத்தினார்கள். பலகையைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை, அது இன்னும் இருக்கிறது. அடிபடாமல் தப்பிய சம்பவங்களையும் எழுதச் சொல்லி எளிய சீட்டு கொடுத்தோம், பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். சீட்டுகள் குவிந்தன. உடனே மேலிடத்திலிருந்து ஃபோன்: “குழு வந்ததும் சம்பவம் கூடிவிட்டதே, என்ன செய்கிறீர்கள்?” கூடியது சம்பவம் இல்லை, சொல்வதுதான் கூடியிருக்கிறது என்று புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். புதிதாகக் குழு அமைப்பவர் இதை முதல் கூட்டத்துக்கு முன்பே மேலே சொல்லி வைத்துவிடுங்கள்.

சீட்டு போட்டவருக்கு என்ன ஆனது என்று பதில் போகாவிட்டால் பெட்டி காலியாகிவிடும். இதையும் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்த எலக்ட்ரீஷியன்:

செவிலியர் மேடம் கடைசியில் சொன்னதுதான் என் கதையும். பல ஆலைகளுக்குப் போய் வருகிறேன். அதிக ஆபத்தான வேலை எங்களிடம்தான் வரும், ஆனால் குழுவில் எங்களுக்கு இடம் இருக்காது. நீங்கள் எங்கள் பணியாளர் இல்லையே என்பார்கள்.

ஓரிடத்தில் மோட்டார் வேலைக்காக மெயினை ஆஃப் செய்து என் பூட்டைப் போட்டு, பெயர் அட்டை மாட்டியிருந்தேன். ஷிப்ட் மாறியது. அடுத்த ஷிப்டுக்காரர் பூட்டை கட்டரால் வெட்டி லைனைப் போடப் போனார். வேலை முடிந்து நான் போய்விட்டதாக நினைத்தாராம். கூட இருந்த ஹெல்ப்பர் போட்ட சத்தத்தில் தப்பித்தேன்.

1988இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்களே, அதன் ஆரம்பமும் இந்த மாதிரி ஒரு ஷிப்ட் மாற்றம்தான். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டிவிட்டார்கள். அடுத்த வருடமே பிரிட்டனில், கடல் மேடைகளில் வேலை செய்பவர்கள் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க விதி வந்தது.

பூட்டை வெட்டிய விஷயத்தை அந்த ஆலையின் குழு எடுத்துக்கொண்டது. நான் போய் நடந்ததைச் சொன்னேன். இப்போது ஷிப்ட் மாறும்போது இன்னும் முடியாத வேலைகளின் பெர்மிட்டுகளை (வேலை அனுமதிச் சீட்டுகளை) இரண்டு சூப்பர்வைசர்களும் இடத்துக்கே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். கட்டர் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்த ஆட்களில் ஒருவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஓட்டு கிடையாது, ஆனால் பேசலாம். எனக்கு அது போதும்.

சிறு பட்டறை உரிமையாளர்:

நாங்கள் மொத்தமே ஒரு வேனில் அடங்கும் ஆட்கள். குழு எல்லாம் வைத்தால் ஆளுக்கொரு பதவிதான் மிஞ்சும். பசங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், வேலை தொடங்கும் முன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே கொஞ்சம் பேசுவோம். அவர் நிறுத்து என்றால் நான் உட்பட எல்லோரும் நிறுத்த வேண்டும். ஒருமுறை டெலிவரி நேரத்தில் கிரைண்டரை நிறுத்தினார். கல்லில் விரிசல். கடுப்பாகத்தான் இருந்தது, நிறுத்தினோம்.

பராமரிப்பு சூப்பர்வைசர்:

எல்லோருக்கும் நன்றி. என் பட்டியலில் நைட் ஷிப்ட் ஆள் ஒருவர்கூட இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் வரும் லோடிங் ஆட்களும் இல்லை. இரண்டையும் சேர்க்கிறேன். ஒரு சந்தேகம்: நைட் முடித்தவர் பகல் கூட்டத்துக்கு வந்தால் தூக்கம் கெடுமே, அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

மருத்துவமனைச் செவிலியர்:

நாங்கள் கூட்டத்தையே ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டு பக்கத்து ஆட்களும் இருப்பார்கள், யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. சம்பளம் கட்டாயம் கேளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் வருடப் பரிந்துரை, எண் 164, பிரதிநிதிகளுக்கு இந்த வேலைக்கும் இதற்கான பயிற்சிக்கும் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்தில் நியாயமான நேரம் தர வேண்டும் என்கிறது. குழுவில் தொழிலாளர் தரப்பு குறைந்தபட்சம் சம அளவில் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அச்செடுத்து எடுத்துக்கொண்டு போங்கள்.

உற்பத்தி மேலாளர்:

அந்தச் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் இடத்தில் முதலில் பாதுகாப்பு பட்ஜெட்டிலிருந்து கழித்தார்கள். கூட்டம் நடத்தியே பணம் கரைந்து, கம்பித் தடுப்பு கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. அந்தந்தப் பிரிவின் வழக்கமான சம்பளக் கணக்கில் போடச் சொல்லி ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.