ஞாயித்துக்கிழமை வயித்துவலி

குழு: குகை வீடு (சேலம், குகைப் பகுதி)

ஞாயிறு, இரவு 8:47

சுமதி: அக்கா, பையன் இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டான். நாளைக்குப் போடற யூனிஃபார்ம அயர்ன் பண்ண எடுத்தேன். அதைப் பாத்த உடனே வயித்தப் புடிச்சுக்கிட்டு பாத்ரூம்ல போய் தாழ் போட்டவன் இன்னும் வெளிய வரல. இவரு கதவத் தட்டிக் கத்திட்டு இருக்காரு. இந்த வீட்ல யார்கிட்டச் சொல்றது? அத்தைகிட்டச் சொன்னா கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கம்பாங்க. பெரிய மாமாகிட்டச் சொன்னா வல்லாரைம்பாரு.

திவ்யா: சித்தி... இது குடும்ப குரூப்பு

சுமதி: அய்யோ! எங்கக்காவுக்கு அனுப்பினது. அழிச்சிட்டேன் அழிச்சிட்டேன்

திவ்யா: உங்க போன்ல மட்டும் அழிச்சிருக்கீங்க சித்தி. எங்களுக்கெல்லாம் அப்படியே இருக்கு

முருகேசன்: வல்லாரை நல்லதுதானேம்மா

சுமதி: மன்னிச்சிருங்க மாமா

மலர்: அண்ணா, கொஞ்சம் இருங்க. சுமதி, எத்தனை நாளா இப்படி?

சுமதி: ஜூன்ல இருந்து அண்ணி. நாலாவது போனதுல இருந்து. வெள்ளி சாயங்காலம், சனிக்கிழமை எல்லாம் நல்லா ஓடியாடுறான். ஞாயித்துக்கிழமை பொழுது எறங்கினா வயித்துவலி. டாக்டர்கிட்ட ரெண்டு தடவ போயாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு, பூச்சி மருந்து குடுத்தாச்சு. ஒண்ணுமில்லைங்கிறாங்க.

பிரபு: ஒண்ணுமில்லைன்னா நடிப்புன்னு அர்த்தம்

மலர்: ஜிஎஸ்டி நோட்டீசு வந்தன்னைக்கு நீ எத்தனை தடவடா கக்கூசு போன? அதுவும் நடிப்பா? பயம் வந்தா மொதல்ல பொரள்றது குடலுதான். வலி நெசம். காரணந்தான் வயித்துல இல்ல.

திவ்யா: சித்தப்பா பதில் சொல்ல மாட்டாரு

மலர்: வகுப்புல என்ன நடக்குதுன்னு கேட்டியா சுமதி? திட்டாம, படுக்கறப்ப மெதுவா.

சுமதி: கேட்டேன் அண்ணி. வரிசையா எந்திரிச்சு ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கணுமாம். தன் முறைக்கு எந்தப் பத்தி வரும்னு முன்னாடியே தலைய எண்ணி, அதை மட்டும் பக்கத்துப் பையன்கிட்டக் கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சுக்குவானாம். போன மாசம் நடுவுல ஒருத்தன் லீவு. கணக்குத் தப்பிருச்சு. 'பள்ளி'ய 'பல்லி'ன்னு வாசிச்சிருக்கான். அன்னைல இருந்து பசங்க இவனையே பல்லின்னு கூப்பிடறாங்க.

முருகேசன்: ள, ழ எல்லாம் சேலத்துல யாருக்கும்மா ஒழுங்கா வருது

மலர்: அது நாக்கு வராதது அண்ணா. இது வேற. கண்ணு பாத்த எழுத்து சத்தமா மாறுற எடத்துல தடங்கல். கற்றல் குறைபாடா இருக்கலாம். இங்க ஏற்காட்டு மலைல நான் பாடம் எடுக்கற வகுப்புலயும் ஒரு பொண்ணு இருக்கா, பேரு வேண்டாம். கரும்பலகைய பாத்து ஒரு வரி எழுத மத்தவங்க நாலு வரி எழுதற நேரம் ஆகும். வாயால கேளு, பாடம் பூரா சொல்லுவா.

பிரபு: இவனும் அப்படித்தான். ஏற்காடு வர்றப்ப 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே வருவான். எந்த வளைவுல கொரங்கு நிக்கும்னு முன்னாடியே சொல்லுவான். அந்த மூளை புஸ்தகத்துல ஏன் போக மாட்டேங்குதுன்னுதான் எனக்கு ஆத்திரமே.

மலர்: மூளை இருக்குன்னு நீயே சொல்லிட்ட. அப்ப சோம்பேறித்தனம் இல்லைன்னும் சேத்துச் சொல்லு.

மலர்: செய்ய வேண்டியதைச் சொல்றேன் சுமதி. மொதல்ல கண்ணும் காதும் பாத்துருங்க. பாதிப்பேரு இதைத் தாண்டிக் குதிச்சு நேரா பெரிய டெஸ்டுக்குப் போவாங்க, கடைசில பாத்தா போர்டே தெரிஞ்சிருக்காது. அப்பறம் பெரியாஸ்பத்திரி. கலெக்டர் ஆபீஸ் பக்கம், மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி. அங்க மனநலப் பிரிவுல புத்திக்கூர்மை டெஸ்ட், கற்றல் குறைபாடு டெஸ்ட்னு ரெண்டும் தனித்தனியாப் பாப்பாங்க. ஒரே நாள்ல முடியாது. நாலு தடவ அலைய வேண்டி வரலாம், இப்பவே சொல்லிடறேன்.

முருகேசன்: மனநலப் பிரிவா? பையன் நல்லாத்தான இருக்கான்

மலர்: நல்லா இருக்கறவன்தான் ஞாயித்துக்கிழமை தாழ் போட்டு உக்காந்திருக்கானா?

முருகேசன்: அதுக்கில்ல மலரு. சான்று கீன்றுன்னு வாங்கி வச்சா நாளைக்கு ஊரு என்ன பேசும்? ஊனமுற்றோர் சான்று நம்ம வீட்டுல யாருக்கு இருக்கு? அவனுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வர்றப்ப?

சுமதி: அவனுக்கு ஒம்பது வயசு மாமா

மலர்: அண்ணா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை சொல்லியிருக்காங்க. கற்றல் குறைபாடும் அதுல ஒண்ணு. எட்டு வயசுக்கு மேலதான் சான்றே குடுப்பாங்க, 14 வயசுலயும் 18 வயசுலயும் மறுபடி பாக்கச் சொல்லுவாங்க. நெத்தியில பச்சை குத்தி அனுப்பறது கிடையாது. பத்தாவது பரீட்சைல ஒரு மணி நேரம் கூட வேணும், சொல்றத எழுத ஒரு ஆளு வேணும், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு வேணும்னா மருத்துவச் சான்று வச்சுத்தான் ஹெச்எம் வழியா கேக்க முடியும். அன்னைக்கு ஓடறதுக்கு இப்ப நடக்கலாம். பீரோல வச்சுப் பூட்டுங்க, வேணுங்கறப்ப எடுங்க.

முருகேசன்: நாங்கெல்லாம் பிரம்படி வாங்கித்தான் படிச்சோம். பயமா? யாருக்கு இருந்துச்சு பயம்

திவ்யா: அப்பா, ப்ளஸ் டூ பரீட்சை சமயத்துல நான் தெனமும் காலைல வாந்தி எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? பித்தம்னு இஞ்சிச்சாறு குடுத்தீங்க. பித்தம் இல்லப்பா. ஹாஸ்டல் வந்தப்பறமும் அது நிக்கல. ஒருநாள் ராத்திரி ஒண்ணரை மணிக்கு 14416க்குக் கூப்பிட்டேன். அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க. தமிழ்லயே பேசினாங்க. அதுக்கப்பறம்தான் இங்க காலேஜ் கவுன்சலர்கிட்டப் போனேன். இப்ப பரவால்ல.

திவ்யா: உங்ககிட்டச் சொல்ல பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்

இரவு 10:26

முருகேசன்: திவ்யா சாப்ட்டியா

திவ்யா: சாப்ட்டேன்ப்பா

முருகேசன்: இஞ்சிச்சாறு கொஞ்சங்கூட கேக்கலயா

திவ்யா: இல்லப்பா

இரவு 10:40

மலர்: சுமதி, நாளைக்கு மட்டும் லீவு போட்டுறாதே. வீட்ல நிறுத்தினா அன்னைக்கு நிம்மதி, மறுநாள் ரெட்டிப்புப் பயம். முழு நாள் முடியலைன்னா மத்தியானம் வரைக்கும் உக்காரட்டும். நீ கூடப் போயி கிளாஸ் டீச்சர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: சொல்லாமக் கொள்ளாம எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். சட்டம் பேசாதே. மொத நாளே சட்டம் பேசினா கதவச் சாத்திருவாங்க.

சுமதி: சரிங்க அண்ணி. வெளிய வந்துட்டான். தயிர் சாதம் சாப்பிடறான்.

திங்கள், காலை 11:15

அப்பாயி: [குரல் செய்தி 1:34]

மலர்: இங்க டவர் ஒழுங்கா இல்ல, ஆடியோ எறங்க மாட்டேங்குது. யாராவது எழுதுங்க

திவ்யா: நான் எழுதறேன் அத்தை. அப்பாயி சொன்னது அப்படியே: "நேத்து ராத்திரி நீங்க பேசினத பூராத்தையும் காலைல சுமதி படிச்சுக் காட்டினா. உங்க தாத்தனும் இப்படித்தான். மூணாங்கிளாசுல வாத்தியாரு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாருன்னு அழுதுக்கிட்டே கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் நடந்து போயி, மலையேறிட்டாரு. ஒம்பது மாசம் காப்பித் தோட்டத்துல கூலி. திரும்பி வந்து தறியில உக்காந்தவருதான். பாவுக் கணக்கு, நூலுக் கணக்கு, சீட்டுக் கணக்கு அத்தனையும் மனசுல. ஆனா கடைசி வரைக்கும் பஸ் போர்டை நான்தான் படிச்சுச் சொல்லணும். கண்ணு மங்கலும்பாரு. அந்து போன நூலைக் கோக்கறப்ப மட்டும் மங்கல் இருக்காது. எனக்குத் தெரியும். நான் கேட்டதில்ல. மாரியம்மனுக்கு வேண்டிக்கறது வேண்டிக்கறதுதான். பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க."

பிரபு: அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதா???

முருகேசன்: எனக்கும் இப்பத்தான் தெரியுதுடா. கரண்டு பில்லை எங்கிட்ட நீட்டி 'சரியா இருக்கா பாரு'ம்பாரு. என்னைச் சோதிக்கிறாருன்னு நெனச்சு வேர்த்துக் கொட்டிக்கிட்டுப் படிப்பேன்.

மலர்: இது பல வீட்ல வம்சத்துலயே ஓடும் அண்ணா

திங்கள், மாலை 5:20

சுமதி: அண்ணி, கிளாஸ் டீச்சர் நல்லமாதிரிதான் பேசினாங்க. 'எழுப்ப மாட்டேன், ஆனா மத்த பசங்க கேட்டா என்ன சொல்றது'ன்னாங்க. பிரின்சிபால்தான் கூப்பிட்டு 'இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு, டிசி வேணா குடுக்கறோம்'னுட்டாங்க. அவன் பக்கத்துலயே நிக்கறான் அண்ணி.

மலர்: அவன் காதுபடவா? சரி. இப்பப் பேசலாம் சட்டம். அதே 2016 சட்டத்துல 16வது பிரிவு. அரசு நடத்தற பள்ளிக்கு மட்டும் இல்ல, அரசு அங்கீகாரம் குடுத்த பள்ளிக்கும் சேத்துத்தான். பாகுபாடு இல்லாம சேத்துக்கணும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபுடிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக் குடுக்கணும்னு அதுலயே இருக்கு. வாயால சொல்லாதே. 'என் மகனுக்குப் பரிசோதனை நடக்குது, அதுவரை வகுப்பில் இந்த உதவி வேண்டும்'னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்து, நகல்ல சீலும் தேதியும் வாங்கு. டிசி பேச்சு தன்னால கொறையும்.

சுமதி: கல்வித்துறையோட வட்டார வள மையத்துல ஸ்பெஷல் டீச்சர் இருக்காங்களாமே, அவங்க இங்க வருவாங்களா?

மலர்: முறைப்படி அவங்க அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிக்குத்தான். எங்க வகுப்புப் பொண்ணுக்கு அவங்கதான் வந்து கத்துக்குடுத்தாங்க. மணல்ல விரலால எழுதி, சத்தத்தைப் பிரிச்சுப் பிரிச்சு. தனியார் பள்ளிக்கு வர மாட்டாங்க, ஆனா நேர்ல போய்க் கேட்டா வழி சொல்லுவாங்க. நான் வேணா பேசி வைக்கிறேன்.

மலர்: மனசுல பட்டதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பீஸ் கட்டற எடத்துல பீஸ் மட்டுந்தான் ஒழுங்கா நடக்குது.

பிரபு: அக்கா ஒண்ணு சொல்லணும். திட்டாதே

மலர்: சொல்லு

பிரபு: ஒரு சென்டர்ல 5,000 அட்வான்ஸ் கட்டிட்டேன். மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன், நடுமூளையத் தூண்டி விடறதாம். கண்ணக் கட்டிக்கிட்டு புஸ்தகம் படிக்கிறாங்க பசங்க, நேர்லயே பாத்தேன்

சுமதி: எப்ப கட்டினீங்க???

திவ்யா: சித்தப்பா, மூக்குப் பக்கத்துச் சந்து வழியா கீழ பாக்கறாங்க அவ்வளவுதான். கண்ணத் தொறந்து வச்சே படிக்கச் செரமப்படறவனுக்குக் கண்ணக் கட்டி விடவா?

மலர்: பட்டறைல வெள்ளிக் கொலுசுக்குப் பத்த வைக்கறப்ப பொடியக் கூடுதலா வச்சாலே கண்டுபுடிக்கிறவன்டா நீ. இதுல ஏமாந்து போயிட்டியே. போய் காசத் திருப்பிக் கேளு.

பிரபு: கேட்டேன். குடுக்க மாட்டாங்களாம். வேணும்னா தம்பி தங்கச்சி யாரையாவது சேத்துக்கலாமாம்

முருகேசன்: நான் சேந்துக்கட்டா

வியாழன், பிற்பகல் 2:05

சுமதி: பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாச்சு. காலைல எட்டு மணிக்குச் சீட்டு, பன்னெண்டரைக்குத்தான் உள்ள கூப்பிட்டாங்க. கண்ணு, காது ரெண்டும் நல்லா இருக்கு. டாக்டரம்மா எங்களை வெளிய உக்கார வச்சிட்டு அவன்கிட்டத் தனியாப் பேசினாங்க. வெளிய வந்து, 'அவங்க என்னைப் படிக்கவே சொல்லலம்மா, பஸ்ஸு படம் வரையச் சொன்னாங்க'ன்னான். படத்துல கண்டக்டருக்கு மூஞ்சி இருக்கு, போர்டுல எழுத்து இல்ல.

சுமதி: பயத்துக்கு இப்ப மாத்திரை எதுவும் வேண்டாம்னுட்டாங்க. திங்கக்கிழமைக்கான பைய சனிக்கிழமையே எடுத்து வச்சிரணும். யூனிஃபார்மை அவன் கண்ணுல படற மாதிரி கடைசி நேரத்துல அயர்ன் பண்ணக்கூடாது. வயித்துவலின்னா 'வலிக்குதா, சரி, பக்கத்துல உக்காரு'ன்னு சொல்லணுமாம், 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லக்கூடாதாம். வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கணும்னாங்க. அதான் இங்க போடறேன்.

மலர்: டெஸ்ட் எப்ப?

சுமதி: அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். அன்னைக்கு மொதல் டெஸ்ட் மட்டும்.

முருகேசன்: கூட்டம் ஜாஸ்தியா? சாப்ட்டானா?

சுமதி: வர்ற வழியில தட்டுவடை செட் ரெண்டு பிளேட்டு மாமா. கடைக்காரர்கிட்ட அவனே கணக்குப் போட்டுச் சில்லற வாங்கினான்.

ஞாயிறு, இரவு 7:50

மலர்: சுமதி, இன்னைக்கு எப்படி?

சுமதி: வந்துச்சு அண்ணி. ஆறரைக்கே வயித்தப் புடிச்சிட்டான்

பிரபு: ஆனா தாழ் போடல. நான் வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன். வளைவுக்கணக்கு சொல்லிக்கிட்டு இருக்கான், இப்ப பதிமூணாவதுல இருக்கோம்

முருகேசன்: டெஸ்ட் இருக்கற செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிட்டியா?

பிரபு: சொல்லிட்டேன்ண்ணா

முருகேசன்: சரி. நான் கார் எடுத்துட்டு வரேன்

சுமதி: கார் வேண்டாம் மாமா. அவனுக்கு பஸ்ல முன்சீட்டுதான் வேணுமாம்