அப்டேட்: எப்பவும் சார்ஜர்லயே இருக்கிற லேப்டாப், பேட்டரி ஹெல்த் குறையுறது நின்னுச்சா?

போன வருஷம் இங்க கேட்டிருந்தேன், வீட்லருந்தே வேலை, லேப்டாப் நாள் முழுக்க ப்ளக்லயே கெடக்கு, புதுசுல 50 வாட் ஹவர் (எவ்ளோ சார்ஜ் தாங்கும்ங்கிற அளவு) இருந்த பேட்டரி 41க்கு வந்துடுச்சு, என்ன பண்றதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒர்க் ஆனது பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போதே உள்ள போய் மாத்துற அடிப்படை செட்டிங்ஸ்) சார்ஜ் லிமிட்டை 80% வைக்கச் சொன்ன ஐடியாதான். இப்போ பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா 40 வாட் ஹவர் கிட்ட நிக்குது, போனது திரும்பல, திரும்பவும் திரும்பாது, லேப்டாப்ல வர்ற லித்தியம் அயன் பேட்டரில அது அப்படித்தான், ஆனா சரியுற வேகம் நல்லாவே குறைஞ்சிருக்கு. 100%ல பேட்டரிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் கிட்ட நிக்கும், அதோட சூடும் சேர்ந்தாதான் சீக்கிரம் தேயும். அதனால அடியில ஒரு ஸ்டாண்டும் வச்சேன், ஃபேன் சத்தம் குறைஞ்சது போனஸ். தினமும் 0 வரைக்கும் இறக்கி ஏத்துங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, அத நான் தொடவே இல்ல, அதெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம்.

எதிர்பாக்காதது ஒண்ணு. ரொம்ப நாள் 80லயே விட்டதுல பர்சன்டேஜ் மீட்டர் குழம்பி, 20% காட்டிட்டு இருக்கும்போதே படக்குனு ஆஃப் ஆயிடுச்சு. லிமிட்டை எடுத்துட்டு ஒரு தடவ ஃபுல்லா ஏத்தி, தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணதும் சரியாச்சு. பேட்டரி கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கக் கிளம்புறவங்க முதல்ல இத ட்ரை பண்ணிப் பாருங்க. அப்புறம் பயாஸ் அப்டேட் போட்டதும் லிமிட் பழையபடி 100க்கு போயிடுது, அதையும் செக் பண்ணிக்கோங்க.