பெரிய வீட்டுக் குடும்பக் குழு அரட்டை: விசாலமும் நம்ம வீடும்

வள்ளி: நேத்து ராத்திரி செட்டிநாட்டுல, கானாடுகாத்தான் விசாலத்துல தங்கினோம். பழைய செட்டியார் வீடு, இப்ப ஹோட்டல். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க 👆 முகப்புல உக்காந்து காபி குடிச்சேன். நம்ம வீட்டு முகப்பு நெனப்பாவே இருந்துச்சு.

மதுரை அத்தை: எவ்வளவு சுத்தமா வச்சிருக்காக! தரை மின்னுது.

பெரியப்பா: அது யார் வீடு தெரியும்ல வள்ளி? கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் தன் மூத்த மக விசாலாட்சிக்காகக் கட்டுன வீடு. பேரே அந்த மக பேருதான்.

மதுரை அத்தை: மகளுக்கு வைரம் குடுப்பாக, வெள்ளி குடுப்பாக, அறை நெறையச் சீர்ச்சாமான் குடுப்பாக. வீடு ஆம்பளைப் பிள்ளைகளுக்குத்தான். மகளுக்குன்னு ஒரு வீட்டையே எழுப்புன மனுசர் பெரிய மனுசர். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் இதை நெனைப்பேன்.

கதிர் அண்ணன்: கட்டட பாணியும் வேற அத்தை. ஊர்ல இருக்கிற பழைய வீடுக மாதிரி இல்ல, ஆர்ட் டெகோ. அப்ப பம்பாயிலயும் மெட்ராஸ்லயும் வந்துக்கிட்டிருந்த புதுப் பாணி. அதே ஊர்ல 1912ல ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டுன அரண்மனையைப் பாத்துட்டு இதைப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

பெரியப்பா: நம்ம நகரத்தார் கட்டுன கடைசிக் காலத்து வீடுகள்ல ஒண்ணு அது. அப்ப நம்மவங்க நெறையப் பேருக்கு வட்டித் தொழில் பர்மாவுலதான். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்துட்டான். போட்டது போட்டபடி நடந்தே வந்தவுக உண்டு. 1948ல நிலத்தைத் தேசியமயமாக்க அங்க சட்டமே போட்டாக. பர்மாப் பணம் நின்னுச்சு, இங்க கொத்தனார் வேலையும் நின்னுச்சு.

வள்ளி: இப்ப நடத்துறது கேரளாக் கம்பெனி, சிஜிஎச் எர்த். பெரியப்பா, நம்ம வீட்டையும் குத்தகைக்குக் கேட்டாங்கன்னு சொன்னீங்களே, அது என்னாச்சு?

பெரியப்பா: கேட்டவுக கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக. நான் யார்ட்டன்னு பதில் சொல்ல? விசாலம் ஒரு மகளுக்குன்னு கட்டுன வீடு. நம்மது பாட்டையா கட்டுனது, பதினெட்டுப் புள்ளி. கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. கல்யாணம் ஆனதும் வேற வைப்பாக, அடுப்பு தனி, வீடு ஒண்ணு. அன்னைக்கு அது அழகு. இன்னைக்கு ஒரு ஓடு மாத்தணும்னாலும் பதினெட்டுப் பேரைக் கேக்கணும்.

சிங்கப்பூர் சித்தப்பா: அண்ணே, நான் மனசு விட்டுச் சொல்றேன். வருசா வருசம் ஒழுகுது. பிள்ளைக யாரும் வந்து இருக்கப் போறதில்ல. வித்துருவோம்.

கதிர் அண்ணன்: சித்தப்பா, நம்ம பக்கம் விக்கிறதுன்னா முழு வீட்டை யாரும் வாங்கிறதில்ல. தூண் தனியா, நிலை தனியா, உத்தரம் தனியாப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒருதடவை நடந்து பாருங்க. ஒவ்வொரு கடையிலயும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பர்மாத் தேக்கு சாத்தி வச்சிருக்கும். எனக்கு அந்தத் தெருவுக்குள்ள போகவே கால் வராது.

சிங்கப்பூர் சித்தப்பா: சரிப்பா. ஆனா ஹோட்டல்காரங்க இடிக்காமலா செய்வாங்க? அறைக்கு அறை பாத்ரூம் வேணும்ல?

கதிர் அண்ணன்: நியாயமான கேள்வி. இரட்டை வீட்டுல, அதான் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கிற ரெண்டு அறையில, உள்ளறையைப் பாத்ரூமா மாத்தலாம், சுவரை இடிக்க வேண்டாம். குழாய் மட்டும் சுவருக்குள்ள போகக்கூடாது, வெளியே தெரிஞ்சாலும் பரவால்ல. நம்மது சுண்ணாம்புச் சுவர், முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேத்து இழைச்சது. அது மேல சிமெண்ட் பூசுனா ஈரம் வெளிய வர வழியில்லாம பூச்சு பேந்து விழும். கோத்தமங்கலம் சாரதா விலாஸைப் பாருங்க. 1910ல கட்டுன வீடு. பிரான்ஸ்ல இருந்து வந்த ரெண்டு ஆர்க்கிடெக்ட் அதை எடுத்துச் சீர் பண்ணி, இப்ப அதுவும் ஹோட்டல்தான்.

பெரியப்பா: காரைக்குடியில 'பங்களா' 1999லயே ஹோட்டலாச்சு. ஆனா அது முன்ன கிளப்பா இருந்த இடம். அதைக் குடும்ப வீட்டோட சேத்துப் பேச முடியாது.

மதுரை அத்தை: எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். முன்னோருக்குப் படைக்கிற படைப்பு எங்க வைப்பீக? பொங்கலுக்குப் புள்ளிக்கு ஒரு பானை எங்க வைப்பீக? நம்ம பிள்ளைக கல்யாணத்துக்கு வாடகை குடுத்தா உள்ள போகணும்?

வள்ளி: அத்தை சொல்றது சரி. எனக்கும் கல்யாணம் நம்ம வளவுலதான், அந்த நடுமுற்றத்துலதான் நடக்கணும்.

கதிர் அண்ணன்: அதை ஒப்பந்தத்துலயே எழுதணும். சாமி வீடும் வளவுல ஒரு பத்தியும், அதான் ஒரு பக்கத் தாழ்வாரமும், நம்ம கையில, சாவியும் நம்மகிட்ட. பொங்கல், படைப்பு, கல்யாணம் நாள்ல முழு வீடும் நமக்கு. இதுக்கு ஒத்துக்கிறவங்களுக்கு மட்டும் குத்தகை. வருசம் எத்தனைன்னும் இப்பவே முடிவு பண்ணணும், விட்டா வீடு கை மாறின மாதிரி ஆயிரும்.

பெரியப்பா: 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்களைச் சேத்துருக்காக. அதை நம்பி உக்காந்திருக்க முடியாது, இந்த ஐப்பசி மழைக்கே மேற்குப் பத்தி தாங்காது. ஞாயித்துக்கிழமை ராத்திரி 8 மணிக்கு எல்லாரும் ஃபோன் கால்ல வாங்க. தம்பி, உனக்கு பத்தரை ஆகும், முழிச்சிரு.

மதுரை அத்தை: கட்டிக் குடுத்த பொம்பளைப் பிள்ளைகளையும் கூப்பிடுங்க அண்ணே. நம்ம வழக்கத்துல பங்கு இல்லாட்டியும் பொறந்த வீடு.

பெரியப்பா: கூப்பிடுறேன் ஆத்தா. எல்லாரும் வரட்டும்.

கதிர் அண்ணன்: அதுக்குள்ள நான் சனிக்கிழமை வந்து ஓடு, உத்தரம், வளவுத் தண்ணி போற வடிகால் எல்லாம் படம் எடுத்துப் போடுறேன். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். ஒழுகலை நிறுத்த மட்டும் என்ன செலவாகும்னு தனியா எழுதி வாங்குறேன்.

சிங்கப்பூர் சித்தப்பா: எழுதி வாங்கு கதிர். ஒழுகல் செலவுல பாதி நான் தரேன். குத்தகை சங்கதி ஞாயித்துக்கிழமை பேசுவோம்.